ரிஜெக்ட்காரரும் பதினான்கு படிகளும்

தொலைக்காட்சித் தொடர்களை எழுதுபவர்கள், எடுப்பவர்கள், நடிப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் ஒன்றாகக் கூட்டி வைத்தாலும், அவர்களைவிட அந்தத் தொடர்களை நன்றாகப் புரிந்துகொண்டவர் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் புனேயில், ஏரவாடாவில், எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். அறையின் நீளம் பதினொன்றரை அடி, அகலம் ஒன்பது. நான் அளந்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. தபால் பெட்டியில் எழுதியும் வைத்திருந்தார். இரண்டு மழைக்காலத்தில் அது கரைந்துவிட்டது. அதன் பிறகு எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட்காரர். போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் சரக்கைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். துளை போட்ட இரும்புத் துண்டுகள் வரிசையாக அவர் மேஜைக்கு வரும். அவர் கையில் கேஜ் என்று ஒரு குட்டி இரும்பு உருளை இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் ரிஜெக்ட், போகக் கூடாதது போனாலும் ரிஜெக்ட். பட்டறையை மூடியபோது அந்தக் கேஜை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கேஜ் வந்துவிட்டது, இரும்புத் துண்டுகள் வரவில்லை. ஆகவே உலகத்தையே சோதிக்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டு சாம்பார் ரிஜெக்ட். டவுன் பஸ்ஸின் பின் இருக்கை ரிஜெக்ட். கணபதி பந்தலில் எரிந்த விளக்குச் சரத்தில் பதினேழாவது பல்ப் ரிஜெக்ட். நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் மழை அளந்தவன். ஒரு நாள் என் மழையையே ரிஜெக்ட் செய்துவிட்டார்.

"நேத்து நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க சார். என்ற ரூமுக்குள்ளயே அதுக்கு மேல வந்துதுங்களே."

"அது கூரைத் தண்ணிவே. அதைக் கணக்குல சேக்க முடியாது."

"மேலிருந்து விழுந்தா மழைதானுங்க சார்."

அன்றிலிருந்து நான் அவருக்கு மழை சார்.

அவர் எங்கள் வீட்டுக்குத் தொடர் பார்க்க வந்ததும் ஒரு மழையால்தான். காற்றில் அவருடைய டிஷ் ஆன்டெனா சாய்ந்து, சாக்கடையில் விழுந்துவிட்டது. ஏழரை மணிக்குக் கதவைத் தட்டினார். "சித்தெ பாத்துட்டுப் போயிர்றனுங்க. அந்தப் புள்ளை மாடிப்படியில கால் வெச்சுட்டு நிக்குது. விழுந்துதா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்றார். என் மனைவி சாரதா அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். அந்தப் பெண் விழுவதற்கு ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் வந்தார். ஏழாம் நாள் அவள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தாள். அவள் யார் முகத்தை முதலில் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள வந்தார். அப்படியே ஒன்பது வருஷம் வந்தார்.

முதல் நாளே சாரதா ஒரு தலையணையை அவரிடம் நீட்டி, "அண்ணாச்சி, முதுகுக்கு வச்சுக்கிடுங்க" என்றாள். "ஆகட்டுங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அது அவருடைய தலையணை ஆகிவிட்டது. மாமியார் வந்தால் அதை இறுக்குவார். வில்லன் வந்தால் பிசைவார். கதாநாயகி அழுதால் தட்டிக் கொடுப்பார். ஒன்பது வருஷத்தில் பஞ்சு முழுவதும் இரண்டு ஓரத்துக்கும் ஓடி நடுவில் பள்ளமாகிவிட்டது.

நானும் சாரதாவும் கதையைப் பார்ப்போம். அவர் கதையைப் பார்க்கவே மாட்டார். யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று கேட்டால் விழிப்பார். வீட்டைத்தான் பார்ப்பார். எவன் பணக்காரன், எவன் ஏழை என்பதை வசனமே இல்லாமல் இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"சத்தத்தை நிறுத்துங்க சார்" என்பார். நான் நிறுத்துவேன். "இப்பச் சொல்லுங்க, யாரு மொதலாளி?" என்பார். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

மாடிப்படி முக்கியம். பணக்கார வீடு என்றால் கூடத்தின் நடுவே மாடிப்படி இருக்க வேண்டும். பெரியவர் அதிலிருந்து இறங்கிக்கொண்டே பேச வேண்டும். மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து கேட்க வேண்டும். ஏழை வீட்டில் மாடிப்படி கிடையாது, ஆடும் பல்ப் உண்டு. "காத்தே இல்ல, பல்ப் மட்டும் ஆடுது பாருங்க" என்பார். நான் படிகளை எண்ணினேன். பதினான்கு. வேறொரு தொடரில் வேறொரு பணக்காரர் இறங்கி வந்தார். அங்கேயும் பதினான்கு. மூன்றாவது படியின் ஓரத்தில் அதே உடைசல். இரண்டு குடும்பங்களும் வாடகைக்கு எடுத்த ஒரே படியில் இறங்குகின்றன என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது ரிஜெக்ட்காரர் எழுந்து என் கையைக் குலுக்கினார். என் வேலையில் முப்பத்தாறு வருஷத்தில் யாரும் என் கையைக் குலுக்கியதில்லை.

"அந்தப் படிக்கு மேல என்னுங்க சார் இருக்கும்?"

"பெட்ரூம் இருக்கும்."

"ஒண்ணும் இருக்காதுங்க. பலகை இருக்கும். அதுல லைட்டுக்காரர் உக்காந்து சோறு தின்னுட்டு இருப்பாரு. இவங்க அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பாக்கறது அவரத்தான்."

அடுத்தது கேமரா. பணக்காரனைக் கீழேயிருந்து எடுக்கிறார்கள், ஏழையை மேலேயிருந்து எடுக்கிறார்கள் என்றார். நான் நம்பவில்லை. உடனே எங்கள் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். என்னை அருகில் நிற்கச் சொன்னார்.

"மழை சார், இங்கிருந்து பாத்தா நீங்க ஜட்ஜ் மாதிரி இருக்கீங்க."

பிறகு என்னை ஸ்டூல் மேல் ஏறி அவரைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஸ்டூலுக்கு நான்கு கால், அதில் ஒன்று ஆடும்.

"எப்படித் தெரியறனுங்க?"

"ரேஷன் கடை வரிசையில கடைசி ஆள் மாதிரி இருக்கீருவே."

"பாத்தீங்களா? ரெண்டு பேருக்கும் ஒரே வருமானம்னு வெச்சாலும் இதான் நடக்கும்."

சாரதா சமையலறை வாசலில் நின்று சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல ஸ்டூலை விட்டு இறங்குங்க. ஜட்ஜ் விழுந்தா தூக்க ஆள் கெடையாது" என்றாள்.

வேலைக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். தொடர்களில் வேலைக்காரிக்கு முகம் கிடையாது என்பார். தட்டு வரும், கை வரும், கழுத்து வரை வரும், அதற்கு மேல் வராது. ஒரு தொடரில் குடும்பச் சண்டை நடக்கும்போது ஜூஸ் தட்டோடு ஓர் அம்மாள் ஓரமாக நின்றாள். சண்டை நான்கு நாள் ஓடியது. கதைப்படி அது ஒரே மாலைப் பொழுது. தட்டைக் கீழே வைக்கும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தேன்: விளம்பரம் நீங்கலாகப் பதினேழு நிமிஷம் இருபது விநாடி. "தட்டக் கீழ வையம்மா" என்று ரிஜெக்ட்காரர் நான்கு நாளும் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். நான்காம் நாள் பொறுக்காமல் எங்கள் வீட்டுத் தட்டில் ஆறு டம்ளர் தண்ணீர் வைத்துத் தாமே ஏந்திக்கொண்டு நின்றார். ஆறாவது நிமிஷம் கை நடுங்கியது. ஒன்பதாவது நிமிஷம் தட்டு என் மேல் விழுந்தது.

"பதினேழு நிமிசம் ஒரு மனுசி நிக்க முடியாதுங்க. ரிஜெக்ட்" என்று கேஜை எடுத்து நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் வேட்டி மாற்றப் போனேன்.

அவர் கண்டுபிடிப்புகளிலேயே பெரியது சோபா. எவன் முதுகு சோபாவில் படுகிறதோ அவன்தான் வீட்டுக்காரன் என்றார். வந்த விருந்தாளி, ஏழை மாமன், பெண்ணைக் கொடுத்தவர், வேலை கேட்டு வந்தவன் எல்லோரும் விளிம்பில் உட்காருவார்கள். முதுகுக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று ஓடும். வில்லன் ஊரார் சொத்தைப் பிடுங்கி உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை சாய்வதுதான். நல்லவன் கடைசி வாரத்தில்தான் சாய்வான். "அந்த இடைவெளிய வெச்சே கதையச் சொல்லிப்போடலாமுங்க. வசனமெல்லாம் சும்மா" என்றார். நான் ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு உட்காரல்களில் எண்பத்தொன்பது அவர் சொன்னபடியே இருந்தது. மீதி மூன்றில் நடிகருக்கு முதுகுவலியாக இருந்திருக்கலாம்.

பிறகு சாரதா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். பதினோரு நாள் டிவி போடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஏழரைக்கு அவர் வந்தார். நான் டிவியைப் போடவில்லை. அவரும் போடச் சொல்லவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, போடாத டிவியைப் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்தார். எட்டு மணிக்கு எழுந்து, "நாளைக்கு வர்றனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் நானே போட்டேன்.

அடுத்த வருஷம் என் மகன் முரளி என்னைப் புனேயின் இன்னொரு கோடியில் இருக்கும் பாணேருக்கு அழைத்துப் போனான். அவனும் மருமகள் நித்யாவும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். வீடு பதினான்காவது மாடியில். தொடரில் வரும் படிகளும் பதினான்கு. எனக்கு இது நல்லதாகப் படவில்லை. கூடத்தில் ஒன்பதடி சோபா, அதன் மேல் பதினோரு குட்டித் தலையணைகள். எனக்கு உட்கார ஓரடி போதும் என்று வலது ஓர விளிம்பில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் காற்று ஓடுவது தெரிந்தது.

அதன் பிறகு எனக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. அவர்கள் இருவருக்கும் காபி பீங்கான் குவளையில், எனக்கு எவர்சில்வர் டம்ளரில். நான் கூடத்துக்கு வந்தால் அவர்கள் பேச்சைக் குறைப்பார்கள். நான் உட்கார்ந்தால் நித்யா எழுந்துவிடுவாள். டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ரிமோட்டை என் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனில் பார்ப்பார்கள். ஏழு மாதம். இந்த மாதிரிச் சான்றுகள் இருபத்தாறு சேர்ந்தன. எல்லாவற்றையும் பழைய டைரியில் குறித்து வைத்தேன். தொடரில் இந்த இடத்தில் ஏழை உறவுக்காரர் ஒரு மஞ்சள் பையோடு படியிறங்குவார். பின்னணியில் புல்லாங்குழல் கேட்கும். புல்லாங்குழல் ஒன்றுதான் எனக்குக் குறை.

அந்தச் சமயத்தில் ஏரவாடா வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடாகியிருந்தது. திங்கட்கிழமை சாவி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எனக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. நான் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை காலை ரிஜெக்ட்காரருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வந்து ஒரு இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டுப் போம்வே. இந்த வீட்டுல நான் யாருன்னு எனக்குத் தெரியணும். நீர் ரிஜெக்ட்னு சொன்னா நான் பெட்டியோட உம்மகூட வந்துருதேன்."

"அப்புடீங்களா சார்" என்றார். "கேஜ எடுத்துட்டு வர்றனுங்க."

ஞாயிறு மாலை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் எங்கள் கட்டடத்து முருங்கை மரத்தின் காய் ஒரு கட்டு. காவலாளி அந்தக் கட்டைப் பார்த்து, "சாமான் வாலா லிஃப்ட் உதர் ஹை, காகா" என்று பின்பக்கத்துச் சாமான் லிஃப்டுக்கு அனுப்பிவிட்டான். பழைய வாஷிங் மெஷின் ஒன்றோடும் இரண்டு குப்பைத் தொட்டிகளோடும் பதினான்கு மாடி ஏறி வந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"விடுங்க சார். அதுல இடம் ஜாஸ்தி" என்றார்.

சோபாவில் உட்கார்ந்தார். குட்டித் தலையணை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். சட்டைப் பையில் கை போயிற்று.

நித்யா தட்டோடு வந்தாள். எவர்சில்வர் டம்ளர் இரண்டு, பீங்கான் குவளை இரண்டு. நான் ரிஜெக்ட்காரரைப் பார்த்து, பார்த்தீரா என்று புருவத்தை உயர்த்தினேன். சான்று எண் ஒன்று.

அவர் நேராகவே கேட்டுவிட்டார். "ஏங்கண்ணு, எங்க ரெண்டு பேத்துக்கு மட்டும் சில்வர்?"

நித்யா புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்குப் படிப்படியாகத்தான் வரும். "அது அத்தையோட டம்ளர், அங்கிள். அப்பாக்கு அதுலதான் பிடிக்கும்னு அத்தை... ஹாஸ்பிடல்ல சொன்னாங்க. ஏரவாடாலேர்ந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். நாலு இருந்துச்சு. ஒண்ணு டேமேஜ்."

நான் டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாரதாவின் பெயரின் முதல் எழுத்து. ஏழு மாதம் தினம் இரண்டு முறை அதில் குடித்திருக்கிறேன். நானூறு முறைக்கு மேல். ஒரு முறைகூட அடியைப் பார்க்கவில்லை.

"உக்காரு கண்ணு" என்றார் ரிஜெக்ட்காரர்.

"பரவால்ல அங்கிள், நான் நிக்கறேன்."

"நிக்காதீம்மா. தட்ட வெச்சுட்டு உக்காரு."

அவள் சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்து அதன் நுனியில் உட்கார்ந்தாள். முதுகு ஸ்கேல் மாதிரி நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மழை சார், நீங்க எல்லாத்தையும் எண்ணற ஆளு. இந்தப் புள்ளை உங்க முன்னால இந்த சோபாவுல சாஞ்சு உக்காந்து எத்தன தடவை பாத்திருக்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எண் வரவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் தெரியும், லிஃப்டில் இருக்கும் பொத்தான்கள் தெரியும், எனக்கு எதிராக அவர்கள் செய்த இருபத்தாறும் தெரியும். இதை நான் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தாலும் பூஜ்யம்தான்.

வாசலில் நின்ற முரளி சிரித்துவிட்டான். "அங்கிள், அப்பா ஹால்ல உக்காந்தா எங்க ரெண்டு பேருக்கும் எக்ஸாம் ஹால் மாதிரி இருக்கு. கையில டைரி வேற. என்ன எழுதறாரோன்னு நாங்க உள்ள போயிடுவோம்."

"அவர் டிவி பாக்கட்டும்னுதான் ரிமோட் வெச்சிட்டுப் போவோம். ஆனா அப்பா போடவே மாட்டார்" என்றாள் நித்யா. "எங்க மேல கோபம்னு நெனச்சேன்."

ரிஜெக்ட்காரர் கேஜை எடுத்தார். சோபாவின் கையில் தட்டினார். பஞ்சு சோபா, சத்தமே வரவில்லை. டம்ளரில் தட்டினார்.

"ரிஜெக்ட்."

"யாருவே?"

"நீங்கதானுங்க சார். நீங்க என்னமோ தட்டேந்திக்கிட்டு ஓரத்துல நிக்கிற ஆளுன்னு நெனச்சுட்டு இருக்கீங்க. இந்த வீட்டுல மாடிப்படியே நீங்கதான். பதினாலு படியும் நீங்கதான். இவங்க ரெண்டு பேரும் ஏழு மாசமா கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருக்கறாங்க."

"படியை என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"எறங்கோணுமுங்க" என்றார். "மொதல்ல சாயுங்க."

சாய்ந்தேன். பதினோரு தலையணையில் நான்கு என் முதுகுக்குப் பின்னால் நசுங்கின. "நீயும் வா தாயி" என்றார். நித்யா சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கேஜால் சைகை காட்டக் காட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய்ச் சாய்ந்தாள். முரளி தரையில் உட்கார்ந்து சோபாவின் காலில் முதுகைக் கொடுத்தான். ஏழரைக்கு டிவி போட்டோம். ஞாயிறு என்பதால் பழைய பகுதியையே திரும்பப் போட்டார்கள். ஒரு பணக்காரர் படியிறங்கி வந்தார். மூன்றாவது படியில் அதே உடைசல்.

"மேல என்ன இருக்கும் அங்கிள்?" என்றாள் நித்யா.

நானும் அவரும் ஒரே சமயத்தில் சொன்னோம், லைட்டுக்காரர் என்று. அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கும்போது தொடர் முடிந்துவிட்டது. அவள் சிரித்தபோது கால் இரண்டையும் தூக்கிச் சோபாவில் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை டைரியில் எழுதவில்லை.

எட்டேகாலுக்குப் பஸ் என்று அவர் கிளம்பினார். முரளி அவரை வீட்டுக்காரர்கள் போகும் லிஃப்டில் கொண்டுபோய் விட்டான். திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். ஏழாவது ஞாயிறு மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். திருப்பூர். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அங்கே இன்னொரு மோட்டார் வைக்கப் போகிறார்களாம். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கேஜை எனக்குக் கொடுத்துவிட்டுப் போவார் என்று மனதுக்குள் ஒரு சின்ன ஆசை. "உக்கார்ற சீட்டச் சோதிக்கோணுமுங்க" என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறிவிட்டார்.

எட்டு மாதமாகிறது. அங்கே போன பிறகு அவரிடம் போன் கிடையாது. மாப்பிள்ளையின் போனில்தான் பேச வேண்டும். பதினைந்து முறை பேசியிருக்கிறேன். அதிகபட்சம் நாற்பத்தைந்து விநாடி. "எல்லாம் சௌரியமுங்க சார். நல்லாப் பாத்துக்கறாங்க" என்பார். தொடரைப் பற்றிக் கேட்டால், "இங்க அந்நேரத்துக்கு நியூஸ் வெப்பாங்க" என்பார். ஒன்பது வருஷம் கேட்ட குரல்; அவர் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது எனக்குத் தெரிகிறது.

போன வாரம் முரளி ஒரு பழைய போட்டோவை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். ஏரவாடா வீடு, ஏதோ ஒரு தீபாவளி. நடுவில் சாரதா. ஒரு பக்கம் நான், சாய்வு நாற்காலியில், கால் மேல் கால் போட்டு, பிறவி ஜமீன்தார் மாதிரி. இன்னொரு பக்கம் அவர், பிரம்பு நாற்காலியின் விளிம்பில். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. மடியில் தலையணை.

நித்யாதான் சொன்னாள். "அப்பா, அங்கிள் சாயவே இல்லயே."

அவள் தூங்கப்போன பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம், வாரத்தில் ஆறு நாள். ஊருக்குப் போனது, காய்ச்சலில் படுத்தது எல்லாம் கழித்தால் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மாலைகள். தொடரில் வந்த தொண்ணூற்றிரண்டு முதுகுகளை எண்ணினேன். எதிரில் இருந்த ஒரு முதுகை எண்ணவில்லை. நான் அவரை 'வே' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். அதையும் எண்ணவில்லை. சாரதா மட்டும் முதல் நாளே பார்த்திருக்கிறாள், தலையணையைக் கொடுத்திருக்கிறாள். அவர் அதை மடியில் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் யார் வீட்டுக்காரர் என்று அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ரிஜெக்ட் என்று என்னைச் சொன்ன ஞாயிறன்றும் அவர் சாயவில்லை. சாயச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் சாய்ந்து சுகமாக இருந்தேன்.

அந்தத் தலையணை என்னிடம்தான் இருக்கிறது. நடுவில் பள்ளத்தோடு. சோபாவின் இடது ஓரத்தில் வைத்திருக்கிறோம். அந்த ஓரத்தில் யாரும் உட்காருவதில்லை. முழங்காலும் டாக்டரும் ஒத்துக்கொண்டால் தையில் நானே திருப்பூருக்குக் கொண்டுபோவதாக இருக்கிறேன். இரண்டும் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை.

ஆகவே திருப்பூர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுபத்து நான்கு வயது, ஐந்தடி நான்கு அங்குலம், சட்டைப் பையில் ஓர் இரும்பு உருளை, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்டால், முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள். "ஆகட்டுங்க" என்று மடியில் வைத்துக்கொள்வார். நம்பிவிடாதீர்கள். அதை வாங்கி நீங்களே அவர் முதுகுக்குப் பின்னால் வைத்து, அவர் சாய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள்.